சாக்பீஸ் கோடு போட்ட பல்

அம்பத்தூரில் என் உதிரிபாகக் கடைக்கு ஒருமுறை வந்தவர், டீசல் பிக்கப்பில் இரும்பு லோடு அடிக்கும் பெண் ஓட்டுநர். காதோரம் நரை, கையில் சாக்பீஸ். பின் அச்சுக்கான பல்சக்கர ஜோடிகள் இரண்டை எடுத்து வைத்தேன். பெட்டியில் அச்சடித்திருந்த பல் எண்ணிக்கையை அவர் நம்பவில்லை. முதல் பல்லில் கோடு போட்டு, இரண்டு முறை எண்ணினார். இழுவை அதிகமுள்ள ஜோடியைத்தான் எடுத்தார்.

“இத்தப் போட்டா வண்டி ஸ்பீடா போவாதுக்கா, டீசலும் குடிக்கும்” என்றேன்.

“குடிக்கட்டும் அண்ணாத்தே. மேம்பாலத்துல லோடோட நின்னு கெளம்பசொல்ல வண்டி பின்னால உருளுது. பின்னாடி புள்ளைங்கள வச்சிகினு பைக்ல நிக்கிறாங்க.”

சென்ற வாரம் மேம்பால ஏற்றத்தில் நெரிசல். முன்னால் அவர் வண்டி, முழு லோடுடன். லோடு வண்டி என்றால் தள்ளியே நிற்பவன் நான். அன்று, மகள் உட்கார்ந்திருந்த என் பைக்கை அதன் பின்னால் ஒட்டி நிறுத்தினேன்.