முதல் கூடையின் விலை

சின்னையா இறந்துவிட்டார் என்ற செய்தி ஒருநாள் காலையில் என் மீன்கடைக்கு வந்தபோது, அங்கிருந்த எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எங்க போயி மோதினாரு?" மோதவில்லை. காய்ச்சலில், சொந்தக் கட்டிலில் போனார். அவரை அறிந்த யாருக்கும் இது நம்பச் சிரமமாகத்தான் இருக்கும்.

உஜோங் பாசிர் கடற்கரையிலிருந்து காஜா பெராங்கிலுள்ள என் கடைக்கு மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவந்தவர் அவர். இறந்தவர் என்பதற்காகப் பூசி மெழுகிப் பேச எனக்கு வராது. மகா கோபக்காரர். வழிவிடாத சைக்கிள்காரரைத் திட்டுவார். மாட்டுவண்டியை உரசிக்கொண்டு போவார். மெர்டேக்கா கிடைத்து நாடு சுதந்திரமான பிறகு ஊரில் வண்டிகள் பெருகின. அவர் வசவும் பெருகியது.

ஒருநாள் வளைவில், என் கடைக்கே மீன் கொண்டுவரும் இன்னொருவரான காதர் முந்தப் பார்க்க, சின்னையா காலால் எத்திவிட்டார். காதர் வண்டியோடு விழுந்து, முழங்கையில் ரத்தத்தோடு கடைக்கு வந்தார்.

"ரோடு என்ன உங்கப்பன் வூட்டு சொத்தா? பின்னாடி லாரி வந்துச்சுய்யா. என் தல போயிருக்கும்!"

"போகலல்ல? அப்பக் கத்தாத பாய்."

நான் குறுக்கே புகுந்தேன். "வண்டியில ஏறினா உனக்குப் பேய் பிடிக்குதா சின்னையா?"

"எறங்கினா மனுசன்தானே முதலாளி? பேய நீங்கதான் தராசுல கட்டி வச்சிருக்கீங்க. முதல் கூடைக்கு நல்ல வில, பின்னாடி வந்தா அடிமாட்டு வில. ஐஸ் வேற உருகுது. நான் மெதுவா வரணுமாக்கும்!"

ஊரில் எல்லா மீன்கடைகளிலும் அதுதான் வழக்கம். ஆனாலும் அந்த லாரி என் மனத்தை விட்டுப் போகவில்லை. மறுநாளிலிருந்து இருவரும் வந்து சேரும்வரை தராசைத் தொடவில்லை. இருவருக்கும் ஒரே விலை. முதலில் வந்த சின்னையா குட்டிபோட்ட பூனையாக வாசலில் அலைந்தார்.

பிறகு ஒருமுறை காதரின் டயர் வெடித்தது. சின்னையா வந்த வழியே திரும்பிப் போய், அவரையும் அவர் கூடையையும் தன் வண்டியில் ஏற்றி வந்தார். "இந்தாளு வராம என் மீன எங்க நிறுக்கிறீங்க!" வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்ததாகக் காதர் சொன்னார்.

சின்னையாவின் ஈமச்சடங்கு முடிந்த மறுநாளே, வேறொரு கடையில் முதல் கூடைக்குக் கூடுதல் விலை தருகிறார்கள் என்று பேச்சு. புதிய பையன்கள் மறுபடி வண்டியை விரட்டுகிறார்கள். "நாமளும் ஏத்தித் தரலன்னா மீன் அங்க போயிடும் முதலாளி" என்கிறார் காதர். போகலாம். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனாலும் விலையை மாற்றவில்லை.

சின்னையாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். சாலையில் ஒருவன் வெறிபிடித்தவன்போல் பறந்தால், நான் அவனைத் திட்டுவதில்லை. யார் கடைக்குப் போகிறான் என்று விசாரிக்கிறேன்.