அம்மா கேட்டுச் சொன்ன சத்தம்

இன்று பைபாஸில் பழைய அம்பாசடர் ஒன்று விட்டுப்போன பெட்ரோல் வாடையில், தாடிக்கொம்பு சாலையில் இருந்த எங்கள் தகரக்கூரை மெக்கானிக் பட்டறை நினைவுக்கு வந்தது. அப்பா ஓடும் எஞ்சின்மேல் குனிந்து தீப்பொறி சரியான நேரத்தில் விழும்படி டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பி டைமிங் வைக்க, காது மந்தமான அவருக்காக அம்மாதான் ஸ்டியரிங் முன் உட்கார்ந்து, சத்தத்தைக் கேட்டு உரக்கச் சொல்வாள்.

“இன்னுஞ் செத்த திருப்புங்க... ம், போதும்!”

அம்மா இறந்த மறுமாதம் அப்பா என்னை ஒரு வண்டியின் ஸ்டியரிங் முன் உட்காரவைத்து, “சரியா கேக்குதா தாயி?” என்றார். எட்டு வயதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, “சரிதாம்ப்பா” என்றேன்.

மறுநாள் அந்த வண்டி மேடேற முடியாமல் திணறித் திரும்பி வந்தது. அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. என் தலையைத் தடவிவிட்டுப் பட்டறையைப் பூட்டினார். பிறகு அதைத் திறக்கவேயில்லை.