டெஸ்மண்ட் ஓடலாமா?

1. இடைவேளையில் வந்த கேள்வி

"அவன் ஓடலாமா, ஓடக்கூடாதா? நீ சொல்லு!"

உடை மாற்றும் அறையில் இரண்டு பயிற்சியாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் சேற்றுத் தரையில் குந்தியிருந்து ஒருவனுடைய கணுக்காலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். கவசம் போட்ட நாற்பது ஆண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அறையில் ஒரே பெண் நான்தான். அணியின் பிசியோதெரபிஸ்ட்.

கேள்வி எங்கள் அணியில் பந்தை எறிகிற குவாட்டர்பேக் டெஸ்மண்டைப் பற்றியது. அவன் மூலையில் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதல் பாதியில் அவன் எறிந்த பந்துகளில் பாதி ஆட்களின் தலைக்கு மேலாகப் பறந்திருந்தன. இரண்டு நேராக எதிரணியின் கைக்கே போயிருந்தன.

"இப்ப சொல்ல ஏலாது. போன வருசம் அடிபட்ட முழங்காலைப் பாக்காமல் நான் ஒண்டும் சொல்ல மாட்டன்" என்றேன். (எல்லாரும் ஆங்கிலத்தில்தான் பேசினோம். நான் எங்கள் தமிழிலேயே தருகிறேன்.)

அன்றைய ஆட்டத்தில் தோற்றோம். அந்தப் பருவத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆட்டம். அதிலும் தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடுவோம்.

2. எனக்கு எப்படி இந்த வேலை கிடைத்தது

எண்பதுகளின் நடுப்பகுதி. தென்லண்டனில் ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தேன். இடுப்புவலி, கழுத்துவலி, படியில் விழுந்து உடைந்த மணிக்கட்டு என்று நாள் போகும். ஒரு வெள்ளிக்கிழமை ஆர்ச்வே முருகன் கோயிலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பாலா அண்ணை பக்கத்தில் வந்து நின்றார். கொழும்பில் பள்ளிக் காலத்தில் ரக்பி ஆடியவர். இங்கே கணித ஆசிரியர்.

"பிள்ளை, நீர் பிசியோ எல்லே? எங்கடை டீமுக்கு ஒரு ஆள் வேணும். ஞாயிறு ஆட்டம், செவ்வாய் பயிற்சி. அவ்வளவுதான்."

"என்ன விளையாட்டு அண்ணை?"

"வந்து பாருமன்."

போய்ப் பார்த்தேன். ஸ்ட்ரெதம் பக்கத்தில் ஒரு பொதுப் பூங்கா. ஒரு சின்னக் காரிலிருந்து ஐந்து பேர் இறங்கினார்கள். பின்பெட்டியைத் திறந்து தலைக்கவசங்களையும் ஆமை ஓடு போன்ற தோள்கவசங்களையும் வெளியே இழுத்துப் போட்டார்கள். அமெரிக்கன் புட்பால்! தொலைக்காட்சியில் அதைக் காட்டத் தொடங்கியதிலிருந்து லண்டன் இளைஞர்களுக்கு அந்தப் பித்துப் பிடித்திருந்தது. எங்கள் அணியில் பிளம்பர், வங்கி எழுத்தர், பேக்கரிக்காரன், தபால்காரன் எல்லாரும் இருந்தார்கள்.

விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு முயற்சிகளுக்குள் பந்தைப் பத்து யார் தூரம் (ஒரு யார் என்றால் மூன்றடி) முன்னே கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் குவாட்டர்பேக்கின் கைக்கு வரும். அவன் அதைப் பக்கத்திலிருப்பவனிடம் கொடுக்கலாம், தூரத்தில் ஓடுகிறவனுக்கு எறியலாம், தானே தூக்கிக்கொண்டும் ஓடலாம். அவன் யோசிக்கும் அந்த இரண்டொரு விநாடிக்குள் அவனைத் தரையில் அடித்து வீழ்த்த நாலைந்து பேர் பாய்ந்து வருவார்கள்.

முதல் நாள் கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். இரண்டாவது ஞாயிறு எல்லைக்கோட்டோரம் ஓடி ஓடிக் கத்தினேன். திங்கட்கிழமை வேலையில் தொண்டை கட்டியிருந்தது.

டெஸ்மண்ட்தான் அந்தத் தபால்காரன். பெற்றோர் ஜமெய்க்காவிலிருந்து வந்தவர்கள். ஸ்ட்ரெதம் மேடுகளில் கனத்த பையோடு நடந்து நடந்து கால்கள் இரும்பாகியிருந்தன. முந்தின வருடம், நான் சேர்வதற்கு முன், இடது முழங்காலின் உட்பக்க லிகமெண்ட், எலும்புகளைப் பிணைக்கும் நார், கிழிந்து பல வாரம் படுத்திருந்தான். திரும்பி வந்தவன் பழைய டெஸ்மண்டாக இல்லை.

3. உப்புப் போத்தல்

செவ்வாய்ப் பயிற்சி முடிந்ததும் ஸ்ட்ரெதம் பெருந்தெருவில் ஒரு கஃபேக்குப் போவது வழக்கம். அந்தத் தோல்விக்கு அடுத்த செவ்வாயன்று தலைமைப் பயிற்சியாளர் வால்டர் மேசையிலிருந்த எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினார். அமெரிக்க விமானப்படையில் இருந்தவர், ஆங்கிலப் பெண்ணை மணந்து இங்கேயே தங்கிவிட்டவர். சோஸ் போத்தல்களும் வினிகர் போத்தலும் எங்கள் தடுப்பாட்டக்காரர்கள். அவற்றுக்குப் பின்னால் உப்புப் போத்தல், டெஸ்மண்ட்.

"இவன் இங்கை நிக்க வேணும். அசையக்கூடாது. முன்னுக்கு நிக்கிறவங்கள் காப்பாத்துவாங்கள். இவன் பாத்து எறிய வேணும். குவாட்டர்பேக் எண்டா அதுதான்."

துணைப் பயிற்சியாளரான பாலா அண்ணை உப்புப் போத்தலைத் தூக்கிச் சோஸ் போத்தல்களைச் சுற்றிக்கொண்டு மேசை விளிம்பு வரை ஓட்டினார். "எறியவும் வருகுதில்லை, ஓடவும் விடமாட்டியள். பிறகேன் அவனைத் தூண் மாதிரி நட்டு வைச்சிருக்கிறியள்? உந்தக் கால்களைப் பாருங்கோ! எங்கடை டீமிலை அவனைப்போல ஓட ஒருதனும் இல்லை!"

"ஓடி முழங்கால் போனா? அடுத்தது ஆர்? அந்த பேக்கரிப் பொடியன் எறிஞ்சால் பந்து இந்த மேசையைத் தாண்டாது."

"இப்பிடியே விட்டா, முழங்கால் நல்லா இருக்கும், நாங்கள் கீழ்ப்பிரிவிலை இருப்பம்."

வால்டர் உப்புப் போத்தலைப் பிடுங்கிப் பழைய இடத்தில் குத்தி வைத்தார். அண்ணை மறுபடி எடுத்தார். பரிமாறும் பெண் வந்து, "அந்த உப்பு பக்கத்து மேசைக்கு வேணும்" என்று தூக்கிக்கொண்டு போனாள்.

பக்கத்து மேசையில் உப்புக்குக் காத்திருந்தவன் டெஸ்மண்ட். சிப்ஸ் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுடைய காலைப் பற்றி ஒரு மணி நேரமாகச் சண்டை பிடிக்கிறோம். கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கும் அவனிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எழுந்துபோய், "நாளைக்குத் தபால் போட்டு முடிஞ்சதும் என்னட்டை வா" என்றேன்.

4. துவாய் உருண்டை

மேலாளரிடம் அனுமதி கேட்டு, மருத்துவமனையின் உடற்பயிற்சி அறையில் அவனைப் பரிசோதித்தேன். முழங்காலைப் பக்கவாட்டில் அழுத்தினேன். லிகமெண்ட் இறுக்கமாகப் பிடித்தது. இரண்டு தொடைகளையும் அளந்தேன். வித்தியாசம் இல்லை. இடது காலால் மட்டும் குதிக்கச் சொன்னேன். அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தவளை மாதிரிப் பாய்ந்தான். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இவ்வளவு நன்றாகக் குணமான முழங்காலை அந்த வருடம் நான் பார்க்கவில்லை.

பிறகு ஒரு துவாயைப் பந்தாகச் சுருட்டிக் கட்டி, "எறி" என்றேன்.

வலது கைக்காரன் எறியும்போது இடது காலை முன்னே வைத்து, குதிக்காலை ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் அந்தக் காலில் இறக்க வேண்டும். டெஸ்மண்டின் இடது கால் முன்னே போனது. ஆனால் சூடான மணலில் வைப்பதுபோல விரல்நுனி மட்டும் தரையைத் தொட்டது. குதிக்கால் இறங்கவில்லை. உடம்பு பின்னாலேயே தங்கிவிட்டது. துவாய் மேலே போய் மின்விளக்கில் இடித்து விழுந்தது.

அந்தக் காலால் குதிக்கிறான், ஓடுகிறான். எறியும்போது மட்டும் நம்ப மறுக்கிறான். ஏன்?

"எங்கை நோகுது?" என்று கேட்டேன்.

"ஒரு இடமும் நோகேல்லை மிஸ்."

எத்தனையோ நோயாளிகளிடம் அந்தக் கேள்வியோடு நிறுத்தியிருக்கிறேன். அன்று ஏனோ இன்னொன்று கேட்டேன். "அப்ப, எப்ப பயமா இருக்கு?"

துவாயைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"நிக்கேக்கை." நிற்கும்போதாம்.

"ஓடேக்கை இல்லையா?"

"இல்லை மிஸ். போன வருசம் நான் நிண்டுகொண்டுதான் இருந்தனான். தூரத்திலை பாத்துக்கொண்டு காலை ஊண்டினன். பக்கத்தாலை ஒருத்தன் வந்து அடிச்சான். வந்ததை நான் காணேல்லை. ஓடேக்கை அடிக்க வாறவன் கண்ணுக்குத் தெரியிறான். விலகலாம், குனியலாம். நிக்கேக்கை நான் ஒண்டும் செய்ய ஏலாது."

வால்டர் பாதுகாப்பு என்று நினைத்து அவனை நிறுத்திவைத்த இடம்தான் அவன் அடிபட்ட இடம். மண்ணில் ஊன்றிய கால்தான் பக்கவாட்டு அடியில் கிழியும். தரையை விட்டு எழும்பிய கால் அடியோடு சேர்ந்து விலகும். படித்தது எனக்கு நினைவிருந்தது. அவனுக்கு அது உடம்பிலேயே பதிந்திருந்தது.

"இதை ஏன் அவையளிட்டைச் சொல்லேல்லை?"

"ஒருதரும் கேக்கேல்லை. கேட்டாலும் சொல்ல மாட்டன். பயம் எண்டு சொல்லுற குவாட்டர்பேக்கை ஆர் வைச்சிருப்பினம்? முழங்காலைப் பற்றிச் சொல்லுங்கோ மிஸ். மற்றதைச் சொல்லாதேங்கோ."

பல வருடங்களுக்குப் பிறகு புதிய ஆட்டக்காரர்களுக்கு அவனே இதையெல்லாம் வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கினான். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அன்று மாலை வால்டருக்கும் பாலா அண்ணைக்கும் தொலைபேசினேன். "முழங்கால் ஓட்டத்தைத் தாங்கும். முதல்லை ஓட விடுங்கோ. ஓடினபிறகு எறியிறதும் சரிவரும்."

வால்டர் விடவில்லை. "விழுந்து எழும்பாட்டி?"

"நான் சொன்னது எண்டு எல்லாருக்கும் சொல்லுங்கோ."

சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தேன்.

5. கடைசி ஆட்டம்

மழை தூறிக்கொண்டிருந்தது. வடலண்டன் அணி. பூங்காவில் அதுவரை காணாத கூட்டம். டெஸ்மண்டின் தபால் அலுவலகமே சீருடையோடு வந்து நின்றது.

முதல் இரண்டு முயற்சிகளும் பழைய கதைதான். நின்றான், கால்விரல் நுனியில் ஊன்றி எறிந்தான், பந்து ஆகாயத்துக்குப் போனது. மூன்றாவதில் பந்தைக் கையில் வாங்கியவன் இடப்பக்கம் பாய்ந்தான். ஒருவனைத் தாண்டினான், இன்னொருவன் கையிலிருந்து வழுக்கினான், பதினைந்து யார் போய்விட்டான்! பாலா அண்ணை குடையைத் தூக்கி எறிந்துவிட்டு, "ஓடு ராசா, ஓடு!" என்று தமிழில் கத்தினார். அடுத்த தடவையும் ஓடினான். அதற்கு அடுத்த தடவை எதிரணியின் மிகப் பெரிய தடுப்பாளன் நேருக்கு நேர் வந்து மோதினான். அந்தச் சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது.

டெஸ்மண்ட் எழவில்லை.

நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் பின்னால் வால்டர் ஏதோ சொன்னார். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. சேற்றில் முழங்காலிட்டு அவன் இடது காலைப் பிடித்தேன்.

"கால் இல்லை மிஸ்..." அவனுக்கு மூச்சு வரவில்லை. "வயித்திலை... மூச்சு..." பிறகு கவசக் கம்பிகளுக்குள்ளிருந்து சிரித்தான். "அவன் வந்ததைக் கண்டனான். முழுசாய்க் கண்டனான்!"

எழுந்து நின்றான். தபால்காரர்கள் ஆர்ப்பரித்தார்கள். நான் எல்லைக்கோட்டுக்குத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு எதிரணி அவனுடைய ஓட்டத்துக்குப் பயந்து நெருங்கி வந்து நின்றது. பின்னால் இடம் திறந்தது. அவன் எறியத் தொடங்கினான். நான் பந்தைப் பார்க்கவே இல்லை, அவன் இடது குதிக்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளைக்குப் பிறகு ஒரு தடவை அது சேற்றில் முழுதாக அழுந்தி இறங்கியது. பந்து நூல் பிடித்தமாதிரிப் போய் ஒருவனுடைய நெஞ்சில் விழுந்தது. "ஊண்டிட்டான்!" என்று துள்ளினேன். பக்கத்தில் நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

கடைசி முயற்சி. நான்கு புள்ளி பின்னால் நிற்கிறோம். பந்து கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி, அதற்கு எட்டு யார் இருக்கிறது. நேரம் முடிந்துகொண்டிருக்கிறது.

"ஓடு!" என்று கத்தினார் வால்டர். செவ்வாயன்று ஓடக்கூடாது என்று நின்ற மனிதர்!

"எறியடா!" என்று கத்தினார் பாலா அண்ணை.

டெஸ்மண்ட் இருவரையும் பார்க்கவில்லை. வலப்பக்கமாக ஓடினான். எதிரணி முழுவதும் அவனை நோக்கிச் சரிந்தது. முயற்சி தொடங்கிய இடத்துக்கு இரண்டு அடி பின்னால் ஒருவன் அவன்மேல் பாய்ந்தான். அந்த நொடியில் டெஸ்மண்ட் நின்றான். ஆம், நின்றான். இடது காலை ஊன்றினான். பாய்ந்து வருகிறவனின் கண்முன்னேயே ஊன்றி, எறிந்தான். அடி விழுந்தபோது பந்து அவன் கையில் இல்லை. கோட்டுக்கு அப்பால், மூலையில் தனியாக நின்ற பிளம்பரின் கைகளில் இருந்தது.

வென்றுவிட்டோம். பிறகு என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. வால்டர் என்னைத் தரையிலிருந்து தூக்கியது ஞாபகம். பாலா அண்ணை நனைந்த மண்ணில் உட்கார்ந்து அழுதது ஞாபகம். டெஸ்மண்ட் தானாகவே எழுந்து, ஓடாமல், மெதுவாக, இரண்டு கால்களாலும் நடந்து வந்தது ஞாபகம்.

6. பிறகு

அவன் இன்னும் சில பருவங்கள் ஆடினான். அந்த முழங்கால் கடைசிவரை ஒரு தொல்லையும் தரவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோள்தான் அவனை நிறுத்தியது. வால்டரும் பாலா அண்ணையும் ஓட்டமா எறிதலா என்று கடைசிவரை விவாதித்தார்கள். ஒரே மாற்றம், அந்த மேசையில் டெஸ்மண்டுக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

நான் மருத்துவமனையில் தொடர்ந்தேன். சில வருடங்களுக்குப் பிறகு வெம்பிளியிலிருந்து கணுக்கால் உடைந்து தேறிய ஒரு கடைக்காரர் வந்தார். எலும்பு பொருந்திவிட்டது, ஆனாலும் ஊன்றுகோலை விடமாட்டேன் என்கிறார் என்று குறிப்பில் இருந்தது. படி ஏற வைத்தேன், நன்றாக ஏறினார். நோவு இல்லை என்றார். எப்போது பயம் என்று கேட்டேன்.

"கடையிலை சனம் கூடேக்கை பிள்ளை. ஆரும் பின்னாலை வந்து இடிச்சுப்போடுவினமோ எண்டு. தடியைக் கண்டா விலத்திப் போவினம்."

அன்றிலிருந்து அவருடைய பயிற்சியை மாற்றினேன். நெரிசலான காத்திருப்பு அறையின் நடுவே நடக்கவிட்டேன். முதலில் நான் பக்கத்தில், பிறகு பத்தடி தள்ளி, பிறகு தேநீர் வாங்கி வரச் சொல்லித் தனியாக. தடியை ஒரு நாள் அவரே மறந்து விட்டுப்போனார்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எங்கே நோகிறது என்று கேளுங்கள், அது முதல் கேள்வி. அதற்குப் பதில் கிடைத்ததும் பேனையை மூடிவிடாதீர்கள். எப்போது பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். அவர்கள் காட்டும் இடத்திலிருந்து உங்கள் வேலையைத் தொடங்குங்கள்.