நடந்துகொண்டே பேசியவர்

இராத்திரி பதினொன்று அடிக்க நாலு நிமிடம் இருக்கும்போது, வானொலி நிலையத்தின் ஒலிக் கட்டுப்பாட்டு அறையில், அவள் நாற்காலியை மூன்றாவது தடவையாக இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், பேசும் அறையில், மைக் மட்டும் நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னால் தரைவிரிப்பு ஒரு ஆள் நடக்கும் அகலத்துக்கு நூல் தெரியத் தேய்ந்திருந்தது.

"எல்லாம் ரெடியா?" மேனேஜர் வாசலில் தலையை மட்டும் நீட்டினார். பை ஏற்கெனவே தோளில் ஏறியிருந்தது.

"ரெடி சார்."

"ரெண்டு மணி நேரம் அவரோட பழைய பதிவப் போட்டுடு. அஞ்சலின்னு ஆரம்பத்துல ஒரு தடவ, முடிவுல ஒரு தடவ சொல்லு. போன் வந்தா இந்தத் தாள்ல குறிச்சு வை."

"வந்தாலா?"

"மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, இந்த நேரத்துல யாரும்மா கேக்கறாங்க? தாள் காலியா இருந்தா நாளையிலேர்ந்து கம்ப்யூட்டரே பாட்டுப் போட்டுக்கும். நீ பகல் ஷிஃப்டுக்கு வந்துடு. உனக்கும் நல்லதுதானே?"

பகல் ஷிஃப்ட் வேண்டும் என்று ஒன்பது வருடமாக மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள்தான். இப்போது அது கிடைக்கப் போகிறது என்றதும் தாளைப் பார்த்தாள். வெள்ளைவெளேர் என்று இருந்தது.

நாலு நாளுக்கு முன்னால் செத்துப்போனவரை ஊரில் தூங்காமூஞ்சி என்றுதான் சொல்வார்கள். பெயர் வைத்துக்கொண்டதும் அவரேதான். அப்பேர்ப்பட்டவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பட்டப்பகலில், தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். இதைவிட மானக்கேடு இருக்க முடியாது. உயிரோடு இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பார்.

வானொலிக்கு வருவதற்கு முன் பிஸ்கட் கம்பெனியில் இராத்திரி ஷிஃப்ட் சூப்பர்வைசர். இருபது வருடம் இயந்திரங்களுக்கு நடுவில் நடந்து நடந்து கத்தியதில் இரண்டு வியாதி ஒட்டிக்கொண்டது. படுத்தால் தூக்கம் வராது, உட்கார்ந்தால் பேச்சு வராது. கம்பெனியை மூடியபோது, வேலை போன கோபத்தில் வானொலிக்குப் போன் செய்து, நடு இராத்திரியில் போடும் பாட்டுகளைக் கிழிகிழி என்று கிழித்தார். அப்போதிருந்த அதிகாரி, "அப்ப நீங்களே வந்து பேசுங்க," என்றார். மறுநாள் வந்துவிட்டார்.

பேச்சு என்றால் பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. போன் செய்தவர்களைத் திட்டுவார். ஒருத்தன் தன் காதலிக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டான்.

"அவ இப்ப என்ன பண்றா?"

"தூங்கறா சார்."

"தூங்கறவளுக்கு எதுக்குடா பாட்டு? கொசு விரட்டற மாதிரி விரட்டறியே. சரி, அது கிடக்கட்டும், நீ சாப்பிட்டியா?"

அவன் சாப்பிட்டிருக்கவில்லை. அடுப்பு எங்கே இருக்கிறது, வீட்டில் என்ன இருக்கிறது என்று விசாரித்து, அவனைப் போனிலேயே சமைக்க வைத்து, உப்புப் போட்டாயா என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் விட்டார். பாட்டுப் போட மறந்துபோனார்.

இதெல்லாம் நடந்துகொண்டே. இடப்பக்கம் நாலு எட்டு, திரும்பி வலப்பக்கம் நாலு எட்டு. சத்தம் வரக் கூடாதென்று செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டைவிரல் எட்டிப் பார்க்கும் காலுறையோடு நடப்பார். முதல் வாரமே அவள் கேட்டாள்.

"உக்காந்து பேசுங்கண்ணா. குரல் கிட்ட வருது, தூரப் போகுது. கேக்கறவங்களுக்குத் தலை சுத்தும்."

"உக்காந்தா எனக்குத் தூக்கம் வந்துரும் தாயே. நான் தூங்கிட்டா ஊரே முழிச்சுக்கும்."

சட்டைக் காலரில் குத்தும் சின்ன மைக்கை மாட்டிப் பார்த்தார்கள். அவரைவிட அவர் வயிறு அதிகம் பேசியது. அதைக் கழற்றி எறிந்த பிறகு அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது. அவர் விலகும்போது ஃபேடரை, அதாவது குரலை ஏற்றி இறக்கும் அந்தக் கட்டையை, மேலே தள்ள வேண்டும். நெருங்கும்போது கீழே இழுக்க வேண்டும். "கிடக்கட்டும்" என்று சொன்னால் திரும்பி முதுகைக் காட்டப்போகிறார் என்று அர்த்தம். ஒரு வருடத்தில் கண்ணாடி வழியே பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கை தானே ஏறும். வெளியே, ரேடியோவில், அவர் ஆணியடித்த மாதிரி ஒரே இடத்தில் நின்று பேசுகிறவராகக் கேட்டார்.

பதினொரு மணிக்கு அஞ்சலி என்று ஒரு வரி சொல்லிவிட்டு முதல் பதிவை ஓடவிட்டாள். போனைப் பார்த்தாள். எழுந்துபோய் அது சரியாக வைத்திருக்கிறதா என்று தூக்கிப் பார்த்து மறுபடி வைத்தாள். தண்ணீர் குடித்தாள். பதினொன்றே காலுக்குத் தாளில் வெறுமனே தேதியை எழுதினாள்.

பதினொன்று இருபத்திரண்டுக்குப் போன் அடித்தது.

"ஏம்மா, அந்த ஆளு செத்தும் எங்கள நிம்மதியா விடமாட்டாரா? நல்லாப் பேசிட்டு இருக்கும்போதே திடீர்னு கத்தறாரு. இப்பத்தான் தூங்கின கொழந்த எழுந்துக்கிச்சு!"

மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தாள். உடனே அடுத்தது. ஏதோ கிடங்கின் காவலாளி.

"தங்கச்சி, தூங்காமூஞ்சி எதுக்கு இப்படி ஏறி ஏறி எறங்கறாரு? மேல போறதா கீழ போறதான்னு அவர் கேஸ் இன்னும் முடியலையா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு வரிசையாக ஆறு புகார். ஒன்பதாவதாக ஒரு நர்ஸ்.

"ரேடியோ கெட்டுப்போச்சுன்னு புது பேட்டரி போட்டேன். அப்பவும் அப்படியே இருக்கு. அங்க என்ன கோளாறு?"

"பார்க்கறேன்கா," என்றாள். பார்த்தாள். அவளுடைய வலது கை ஃபேடரில் இருந்தது. பதிவில் அவர், "சரி, அது கிடக்கட்டும்," என்றார். கை மேலே போயிற்று. குரல் அறை முழுக்க அதிர்ந்தது.

பதிவில் இருந்தது அன்றைக்கே அவள் சமப்படுத்தி வைத்த குரல். அதை இன்றைக்கும் உட்கார்ந்து சமப்படுத்திக்கொண்டிருக்கிறாள். இல்லாத ஆள் நடக்கும் நடைக்கு அரை மணி நேரமாகக் கை ஏறி இறங்கியிருக்கிறது.

கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். குரல் சமமாயிற்று. போனும் நின்றது. பத்து நிமிடம், இருபது நிமிடம். தாளில் ஒன்பது வரி இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் ஏறவில்லை. கால் கீழே தாளம் போட்டது. தொடைக்கடியில் விரல்கள் மரத்துப்போயின.

பன்னிரண்டு பத்துக்கு மறுபடி அடித்தது.

"நான் அவர் வீட்ல பேசறேன்."

"அண்ணி!" அவள் எழுந்து நின்றாள். அண்ணி இதுவரை நிகழ்ச்சிக்குப் போன் செய்ததே இல்லை. வீட்டில் கேட்பது போதாதா, ரேடியோவில் வேறு கேட்கணுமா என்று பத்து மணிக்கே படுத்துவிடுகிற ஆள். "மன்னிச்சிருங்க அண்ணி, குரல் ஏறி எறங்கினது என் தப்புதான். இப்ப சரி பண்ணிட்டேன்."

"அதைத்தான் கேக்கறேன். ஏன் சரி பண்ணின?"

அவள் போனோடு மறுபடி வலது கைமேல் உட்கார்ந்தாள்.

"ஒரு தடவ ரேடியோல கேட்டுட்டு, இது யாரோ ஆபீசர் பேசற மாதிரி இருக்குன்னு நிறுத்திட்டேன். வீட்ல அந்த மனுஷன் ஒரு எடத்துல நின்னு பேசினதே கிடையாது. சமையக்கட்டுல ஆரம்பிச்சு, கூடத்துக்குப் போய், பாத்ரூம்லேர்ந்து முடிப்பாரு. பாதி எனக்குக் கேக்கவே கேக்காது. இன்னிக்கு நடந்தாரு. தூங்காம ஒக்காந்து கேட்டுட்டு இருந்தேன்." மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "இப்ப ஏன்மா உக்காந்துட்டாரு?"

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அவள் கையை வெளியே எடுத்து ஃபேடரில் வைத்தாள். அவர் "கிடக்கட்டும்" என்று சொல்லும்வரை காத்திருந்து மேலே தள்ளினாள்.

"ம்," என்றார் அண்ணி. "இதோ, கூடத்துக்கு வந்துட்டாரு." போனை வைத்துவிட்டார்.

ஒரு மணிவரை அவள் கையை எடுக்கவில்லை. திட்டுவதற்கு இன்னும் ஏழு பேர் கூப்பிட்டார்கள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். தாள் மேஜைமேல் இருந்தது.

"பதினேழு போன். பதினாறு புகார். இன்னொண்ணுல நேரம் மட்டும் போட்டிருக்கு?"

"அது வீட்டு விஷயம் சார்."

"முடிவுல அஞ்சலின்னு சொல்லவே இல்லையாமே."

"மறந்துட்டேன் சார்."

குரல் கோளாறுக்கு விளக்கம் எழுதித் தரச் சொன்னார். கைப்பழக்கம் என்று எழுதிக் கொடுத்தாள். இரண்டு முறை படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார். மாதக் கடைசிவரை இப்படியே போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். யார் பேசுவது என்று சொல்லவில்லை. பகல் ஷிஃப்டைப் பற்றி அவள் கேட்கவில்லை.

நாலு மணிக்கு அண்ணி வந்து அவருடைய சாமான்களை எடுத்துக்கொண்டார். ஒரு கண்ணாடிக்கூடு, ஒரு சீப்பு, தலைவலித் தைலம், செருப்பு. காலுறையில் ஒன்றுதான் கிடைத்தது.