ஐந்தாவது பெல்ட்

என் தம்பியின் கால்களை முடக்கியவள் நான்தான். ஊரார் அவனுடைய அவசரத்தைக் குறை சொல்கிறார்கள். அவனும் அதையே நம்புகிறான்... நான் நம்பவிட்டேன்.

கேரள எல்லையோரப் பாறசாலையில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் கடை என்னுடையது. தம்பி ஜெபின் ஓட்டிய பந்தயக் காருக்கும் சிவப்பு உறை நானே தைத்தேன். அந்த இருக்கையில் ஐந்து பெல்ட்டுகள். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு. ஐந்தாவது, தொடைகளின் நடுவே மேலேறி மற்றவற்றோடு பூட்டிக்கொள்ளும். அது இல்லையேல், மோதும்போது உடல் இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கி முதுகெலும்பே முறியலாம். இது எனக்குத் தெரியாதா? தெரியும்!

ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் அவற்றை விரித்து வைப்பது என் பொறுப்பு. ஏறுகிறவன் தேடக் கூடாது. எதன் மேலும் உட்கார்ந்துவிடவும் கூடாது.

அன்று செங்கல் என்ற ஊருக்கு அப்பால், ரப்பர் மரங்களை வெட்டி நீக்கிய செம்மண் நிலத்தில் பந்தயம். "அக்கா, பெல்ட்ட ஒதுக்கி வய்யி, நான் இன்னா வாறேன்" என்று ஹெல்மெட் எடுக்கப் போனான் ஜெபின்.

ஒதுக்கி வை... எங்கள் எல்லைப் பேச்சில் அதற்குக் கைக்கு எட்டும்படி ஒழுங்காக வை என்று பொருள். ஏட்டுத் தமிழில், ஓரமாகத் தள்ளி வை. சொல் என்னை ஏமாற்றிவிட்டது என்று உங்களிடம் தப்பித்துக்கொள்ளலாம். பொய்! கடை விளம்பரத்துக்கு உறையைப் படம் எடுக்க ஆசைப்பட்டேன். நடுவில் தொங்கிய ஐந்தாவது பெல்ட் அழகைக் கெடுத்தது. இருக்கைக்கு அடியில் செருகினேன். படம் எடுத்தேன். வெளியே இழுக்க மறந்தேன்.

மறதி மட்டும் என்றால் நீங்கள் மன்னிக்கக்கூடும்... மீதியையும் கேளுங்கள்.

கொடி அசைவதற்கு முன் அவன் குனிந்து தொடைகளின் நடுவே தடவுவதைக் கண்டேன். எதைத் தேடுகிறான் என்று உடனே புரிந்தது. கயிற்றுக்கு இப்பால் நின்ற நான் ஒரு கூச்சல் போட்டிருந்தால் போதும்! இத்தனை பேர் முன்னால் என் தவற்றை நானே கூவுவதா என்று வெட்கப்பட்டேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன் நான்கை மட்டும் பூட்டிக்கொண்டு புறப்பட்டான்.

மூன்றாவது வளைவில் கார் மண்திட்டில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

அவனைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். நான் ஓடவில்லை. இருக்கைக்கு அடியில் கைவிட்டு அந்த பெல்ட்டை இழுத்து இருக்கையின் மேல் போட்டேன். பிறகுதான் அழத் தொடங்கினேன். இப்படியும் ஓர் அக்காவா?

"பெல்ட் சீட்டு மேலயாக்கும் கெடக்கு. இவன் அதுக்க மேல இருந்துல்லா ஓட்டியிருக்கான்!" என்றார் காரைப் பார்க்க வந்தவர்.

இப்போது கார் சீராகிவிட்டது. என் சிவப்பு உறையில் ஒரு கிழிசல்கூட இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை ஜெபினின் நண்பன் வினு அந்தக் காரை ஓட்டப் போகிறான். இன்று காலை, சக்கர நாற்காலியில் இருந்தபடி ஜெபின் அவனிடம் சொன்னான்: "அஞ்சாவத பூட்டாம எடுக்காத, மக்கா. நான் அது மேலயே இருந்துட்டேன். எறங்கிப் பாக்கப் பொறுமை இல்ல. எனக்க தப்பாக்கும்."

பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, நீ பெல்ட்ட ஒதுக்கி வய்யி."

ஐந்தையும் ஒதுக்கி வைத்தேன். சொல்ல வேண்டியதையும் இன்று ஒதுக்கித்தான் வைத்தேன், ஏட்டுத் தமிழில்.