முடியாத புகார்

லிப்ட்காரர் என் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். எங்கள் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. ஊரிலுள்ள லிப்டையெல்லாம் ரிப்பேர் செய்து ஓடவைக்கிற மனுஷன் தன் வீட்டுக்குப் படியேறித்தான் போகவேண்டும். இதைச் சொல்லி நான் சிரித்தால், "படி நின்னுபோகாது தம்பி" என்பார். அவரிடம் இருக்கிற ஒரே ஜோக் அதுதான்.

நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். "அஞ்சு நிமிஷ வேலைதானே" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லிப்ட்காரர் அந்த ரகமில்லை. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனாலேயே அவர் கூப்பிட்டால் மட்டும் கடையைச் சாத்திவிட்டு மேலே போவேன்.

வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு அறை. ஒன்றில் அவருடைய அப்பா கடைசியாகப் படுத்திருந்த கட்டில் கிடக்கிறது. இப்போது அதன்மேல் மடித்த துணிகள். இன்னொன்றில் மேசை, கம்ப்யூட்டர், ஒரே ஒரு நாற்காலி. நான் போனால் அதை எனக்குத் தள்ளிவிட்டு அவர் கருவிப் பெட்டியின்மேல் உட்காருவார். இன்னொரு நாற்காலி வாங்குங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "யாரு வர்றா?" என்பார். நான் வருகிறேனே என்று வாய்வரைக்கும் வரும். சொல்லமாட்டேன்.

அவர் வேலை செய்து நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். நான் போயிருந்த ஒரு அலுவலகத்தில் லிப்ட் நின்று, உள்ளே ஒரு பெண் மாட்டிக்கொண்டார். வெளியே பத்துப் பேர் ஆளுக்கொன்று கத்திக்கொண்டிருந்தார்கள். லிப்ட்காரர் வந்தார். கருவிப் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. முதலில் கதவை இரண்டு தட்டுத் தட்டி, "பயப்படாதீங்க, நான் வெளியதான் நிக்கிறேன்" என்றார். உள்ளே அழுகை நின்றது. அதற்குப் பிறகுதான் வேலையை ஆரம்பித்தார். முன்பின் தெரியாதவர்களிடம் அப்படிப் பேசத் தெரிந்த ஆளுக்குச் சொந்தக்காரர்களிடம் பேசத் தெரியாமல் போனதுதான் கொடுமை.

ஒவ்வொரு லிப்டுக்கும் ஒரு பதிவேடு உண்டு. நாலு கட்டம்: தேதி, புகார், காரணம், செய்த வேலை. கம்பெனி ஏட்டைக் கம்பெனியே வைத்துக்கொள்ளும் என்பதால் இவர் தனக்கென்று நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். இருபத்தேழு வருஷம். பிறகு கம்ப்யூட்டர் வாங்கி, இரண்டே விரலால் எல்லாவற்றையும் தட்டி ஏற்றினார். லிப்டுக்கு ஒரு கோப்பு வீதம் முந்நூற்றுப் பதினாறு. அத்தோடு விட்டாரா? அடுப்புக்கு ஒரு கோப்பு, தன் முழங்காலுக்கு ஒரு கோப்பு, வீட்டு ஓனருக்கு ஒன்று. எனக்கும் உண்டு. 'கீழ்க்கடைத் தம்பி' என்று பெயர். திறந்து பார்த்தேன். 'புகார்: சத்தமாகப் பாட்டு வைக்கிறான். காரணம்: கடையில் தனியாக இருக்கிறான். செய்த வேலை: ஒன்றும் சொல்லவில்லை, பாட்டு பரவாயில்லை.' படித்துவிட்டு, பார்க்காததுபோல் மூடிவைத்தேன்.

இத்தனை கோப்பில் வேண்டியதைத் தேடி எடுக்க முடியாமல் திண்டாடினார். நெட்டில் ஏற்றிவிட்டால் ஒரு நொடியில் தேடலாம் என்றேன். முகம் சிவந்துவிட்டது. "என் வீட்டு விஷயத்த எவனோ ஒருத்தன் கம்ப்யூட்டர்ல கொண்டுபோய் எதுக்கு வைக்கணும்?" அதுவும் நியாயம்தான். அதனால் நெட்டே இல்லாமல் அவர் மெஷினுக்குள்ளேயே ஓடுகிற ஏஐ ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். பழைய மெஷின், பதில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அவர் அதற்கென்று ஒரு விதிக் கோப்பு எழுதினார். ஒன்று: இல்லாததைச் சேர்க்காதே. இரண்டு: 'செய்த வேலை' காலியாக இருந்தால் அந்தப் புகார் முடியவில்லை என்று அர்த்தம். மூன்று: எதைக் கேட்டாலும் முடியாத புகாரை முதலில் சொல்.

அது வந்தபிறகு ஆளே மாறிப்போனார். ஒரு ஆஸ்பத்திரி லிப்ட் வருஷத்தில் நாலைந்து தடவை காரணமில்லாமல் நிற்குமாம். பன்னிரண்டு வருஷப் பதிவையும் ஏஐ ஒன்றுசேர்த்து, எல்லாமே பெருமழைக்கு மறுநாள் என்று காட்டிக்கொடுத்தது. லிப்டுக்கு அடியிலுள்ள குழியில் நீர் ஊறுகிறது! அன்றைக்குக் கடைக்கு வந்து பத்து நிமிஷம் மூச்சுவிடாமல் பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

போன திங்கட்கிழமை அவருக்கு ஒரு மெசேஜ் வந்தது. தங்கையிடமிருந்து. 'வியாழக்கிழமை உன் ஊர் வழியா போறேன். பதினொன்றரைலேர்ந்து ஒரு மணி வரைக்கும் பஸ் ஸ்டாண்டுல இருப்பேன். முடிஞ்சா வா.'

இவருக்கு உலகத்தில் இருக்கிற ஒரே உறவு அந்தத் தங்கை. எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலையில் எனக்குப் போன். "தம்பி, உங்க ஏஐ கெட்டுப்போச்சு. உடனே வாங்க."

போனேன். தங்கையைப் பற்றியும் ஒரு கோப்பு வைத்திருக்கிறார், அதே நாலு கட்டத்தில். அவள் செய்த தப்பையெல்லாம் தேதிவாரியாகப் பட்டியல் போடு என்று ஏஐயிடம் கேட்டிருக்கிறார். நேரில் பார்க்கும்போது ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாதாம்! திரையில் பதில் இருந்தது.

'தங்கை கோப்பில் 31 பதிவுகள் உள்ளன. விதி மூன்றின்படி முடியாத புகார்களை முதலில் சொல்கிறேன்: 31 புகாரும் முடியவில்லை. "செய்த வேலை" எல்லாவற்றிலும் காலி. "காரணம்" என்ற இடத்தில் 31 முறையும் "கேட்கவில்லை" என்று உள்ளது. இவற்றில் 22 பதிவுகள் "போன் வந்தது, எடுக்கவில்லை" என்பவை. அவற்றை அவருடைய தவறு என்று எழுத இந்தக் கோப்பில் ஆதாரம் இல்லை. 316 லிப்ட் கோப்புகளில் முடியாத புகார் எதுவும் இல்லை.'

"பாத்தீங்களா? அவ செஞ்சத கேட்டா, என்னைக் குத்தம் சொல்லுது" என்றார்.

"அது எங்கண்ணே குத்தம் சொல்லுது? நீங்க எழுதினதத்தான் படிக்குது. விதியும் உங்க விதி."

"அதுக்கு என்ன தெரியும்? அப்பா எட்டு மாசம் இந்தக் கட்டில்ல கிடந்தாரு. நான்தான் குளிப்பாட்டினேன், நான்தான் தூக்கினேன். ஒருநாள் எட்டிப் பாத்தாளா? எல்லாம் முடிஞ்ச மறுநாள் பையத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிக்கிறா."

"ஏன் வரலையாம்?"

அவர் கருவிப் பெட்டியின் கொக்கியை நோண்டினார்.

"கேக்கவே இல்லையா?"

"'இப்ப எதுக்கு வந்தே?'ன்னு கேட்டேன்" என்றார். பிறகு, "துக்கத்துக்கு வந்தவங்க எல்லாரும் இருந்தாங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்தால் நாக்கு நிற்காது. "ஒரு லிப்ட் நின்னா, காரணம் தெரியாம மூடிட்டு வருவீங்களா நீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"போங்க தம்பி. கடையப் பாருங்க" என்றார். இறங்கி வந்தேன். சொன்னது சரிதான் என்றாலும் நாள் முழுக்க மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை கடைக்கு வந்து அந்த முப்பத்தொன்றையும் கட்டம் போட்டு அச்செடுத்துக்கொண்டார். வியாழன் பத்தரைக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு, சட்டைப்பையில் அந்தத் தாளோடு படியிறங்கிப் போனதைப் பார்த்தேன். ஷேவ் பண்ணியிருந்தார். நல்லபடியாக முடியட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மணிக்குத் திரும்பி வந்தார். மேலே போகவில்லை. என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"நான் பாத்தேன் தம்பி. அவ பாக்கல."

நேர அட்டவணை எழுதியிருக்கிற தூணுக்குப் பின்னால் நின்றாராம். ஒன்றரை மணி நேரமும். "எளச்சுட்டா. முடியெல்லாம் நரைச்சுபோச்சு. பெஞ்சுல உக்காந்து பக்கத்துல பைய வெச்சு எடம் புடிச்சிருந்தா. யாரோ வந்து உக்காரலாமான்னு கேட்டாங்க. 'ஆள் வருது'ன்னா. எனக்குக் கேட்டுச்சு." சட்டைப்பையைத் தடவினார். "பஸ் கெளம்பற வரைக்கும் அந்தப் பைய எடுக்கல."

"அடப்பாவி மனுஷா! பத்தடி நடக்க மாட்டீங்களா?"

"கால் வரல தம்பி."

திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் தாளை வெளியே எடுத்து, கவுண்டரில் வைத்து, மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். அந்தக் கைகளைப் பார்த்துப் பாட்டை மட்டும் நிறுத்தினேன்.

அவர் போனை எடுத்தார். வேலையில் இரண்டு கையும் வேண்டியிருந்த பழக்கம்; எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். மணி போனது. தங்கை எடுத்தாள். பின்னால் பஸ் இரைச்சல்.

"அண்ணா?"

இவருக்கு வாய் திறக்கவில்லை. மறுபடியும், "அண்ணா?" கொஞ்சம் பயந்த குரல். அந்தப் பயத்தைக் கேட்டதும்தான் இவருக்குப் பேச்சு வந்தது. வேறெதுவும் தெரியாதவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"பயப்படாத. நான் வெளியதான் நின்னுட்டிருந்தேன்."

"எங்க?"

"பஸ் ஸ்டாண்டுல. தூணுக்குப் பின்னாடி."



"எவ்ளோ நேரமா?"

"நீ வந்ததுலேர்ந்து."

அவள் அழுதாளா, என்ன செய்தாளோ தெரியாது. இவர் என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "அப்பா கிடந்தப்ப நீ ஏன்மா வரல?" என்று கேட்டார்.

"இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா உனக்கு?" என்றாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். கேட்கக் கூடாது என்றிருந்தும் அவர் குரல் மட்டும் கேட்டது. "ம்" என்கிறார். "ம்" என்கிறார். ஒருதரம், "ஐயோ" என்றார்.

சத்தமே இல்லையே என்று உள்ளே வந்தேன். போன் மேசையில் கிடந்தது.

"கட்டாயிடுச்சு. மலைப்பாதை, பஸ் எறங்கற வரைக்கும் டவர் இருக்காதாம். பாதிதான் சொல்லியிருக்கா."

தாளை நான் படிக்கவில்லை, கண்ணில் பட்டது அவ்வளவுதான். முதல் பதிவில் 'கேட்கவில்லை' என்பதை அடித்துவிட்டு எழுத ஆரம்பித்திருந்தார். அந்தச் சின்னக் கட்டம் போதாமல், எழுத்து எட்டு வருஷமாகக் காலியாகக் கிடந்த அடுத்த கட்டத்துக்குள் போய், அங்கும் இடமில்லாமல் ஓரத்தில் செங்குத்தாக ஏறியிருந்தது.

"ஒண்ணுக்கே இடம் பத்தல. இன்னும் முப்பது இருக்கு" என்றார். "வெறுந்தாள் இருக்கா தம்பி?"

பிரிண்டரில் இருந்ததை அப்படியே உருவிக் கொடுத்தேன். அவர் மேலே போகவில்லை. தாள் ஒரு பக்கம், போன் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, மலையிறங்குகிற பஸ்ஸுக்காக அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார்.