விழாமல் நிற்கப் பழகிய 'பூட்டு'

என் மாமனாருக்கு ஆலையில் 'பூட்டு' என்று பெயர். ஆலைக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். அவரைத் தாண்டிப் பந்து உள்ளே போவது குதிரைக்கொம்பு! பகலெல்லாம் லேத் மிஷின், மாலையில் மைதானம். விழுந்து புரண்டே தலை நரைத்த மனிதர்.

போன மாதம் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தார். அடி ஒன்றுமில்லை. ஆனால் என் மனைவி ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள்: "டாக்டருங்க சரின்னு சொல்ற வரைக்கும் பாப்பாவத் தூக்கக் கூடாதுப்பா." பேத்தி அழும்போதெல்லாம் தொட்டிலருகே கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். எனக்கே மனசு கேட்கவில்லை.

வயதானவர்கள் தடுமாறி விழும் அபாயம் எவ்வளவு என்று சோதிக்கும் இடத்துக்குக் கூட்டிப் போனோம். நாற்காலியிலிருந்து எழுந்தார், நடந்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். அமர்க்களம்! கடைசியாக, மெத்தை விரித்த இடத்தில் நிறுத்தினார் பிசியோதெரபிஸ்ட் அம்மா.

"பின்னாலருந்து தோளை இழுப்பேன். சமாளிக்கணும்."

இழுத்தார். மாமனார் காலை அசைக்கவே இல்லை. பக்கவாட்டில் சரிந்து, தோளைச் சுருட்டி, மெத்தையில் ஓர் உருளல்!

"பாத்தீங்களா, ஒரு கீறல் கிடையாது!" கிடந்தபடியே சிரித்தார்.

அந்த அம்மாவுக்கு முகமே வெளுத்துவிட்டது. "அழகா விழறீங்க ஐயா. ஆனா தடுமாறினா கால் பின்னால போகணும். உங்களுக்கு உடனே விழத்தான் தோணுது. இந்த வயசு எலும்பு தாங்காது."

"பாப்பாவ வச்சுக்கிட்டும் இப்படித்தான் உருளுவீங்களாப்பா?" என்றாள் மனைவி. சிரிப்பை நிறுத்திவிட்டு மனிதர் எழுந்து உட்கார்ந்தார்.

அந்த அம்மா சொல்லித் தந்தபடி கூடத்தில் மெத்தை போட்டுப் பயிற்சி ஆரம்பித்தோம். நான் இழுக்க வேண்டும், அவர் காலைப் பின்வைக்க வேண்டும். முதலில் என் மேலேயே சாய்ந்தார். என் இடுப்பு இன்னும் வலிக்கிறது. "நல்லா இழுங்க மாப்பிள்ளை, என் பொண்ணு சோறு போடறதில்லையா?" என்று கிண்டல் வேறு.

நேற்று மறுசோதனை. என் மனைவி பாப்பாவையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். இந்த முறை கையில் ஒரு தலையணையும் கொடுத்து இழுத்தார்கள். ஒரு கால் பின்னால் போனது, மறு காலும் போனது, தலையணையை மார்போடு அணைத்தபடி மனிதர் நின்றுவிட்டார்!

"கோல்!" என்று கத்திவிட்டேன்.

"கோல்கீப்பர் முன்னால கத்தற கத்தலா இது மாப்பிள்ளை?" என்று முறைத்தார்.

பிசியோதெரபிஸ்ட் அம்மா சிரித்துக்கொண்டே 'சரி' என்று தலையசைத்தார். என் மனைவி தலையணையை வாங்கி வைத்துவிட்டு, பாப்பாவை அவர் கைகளில் கிடத்தினாள். அடியில் தன் கையையும் வைத்துக்கொண்டாள்.

"பிடிச்சிட்டீங்களாப்பா?"

அவர் பேத்தியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நீ கைய எடும்மா."

எடுத்தாள்.